குணசீலியின் மூன்று சாட்சிகள்

வைட்ஃபீல்டிலிருந்து விவேக் நகருக்கு வந்து சேர அன்று எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. குணசீலி அந்தோணி இறந்துவிட்டார் என்ற செய்தி காலையில் கைப்பேசிக்கு வந்திருந்தது. அனுப்பியவர் லோகநாதன், எங்கள் பழைய அலுவலகத்தில் கணினியில் அச்சுக் கோத்தவர். "குணா மேடம் எக்ஸ்பயர்ட். பூசை மூணு மணிக்கு" என்று மட்டும் இருந்தது. மற்ற நாடுகளில் பால் பாக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான் எக்ஸ்பயர் ஆகும், நம் ஊரில் மனிதர்களும் ஆகிறார்கள் என்று சொல்லி, அந்த ஒரு சொல்லுக்கே தடிமனான ஒரு கட்டுச் சீட்டு சேர்த்து வைத்திருந்தவர் குணசீலி. எனக்கு அழுகை வரவில்லை. மாரத்தஹள்ளிப் பாலத்தருகே வண்டி நகராமல் நின்றபோது எரிச்சல்தான் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் பூசை முடிந்து, அடக்கமும் முடிந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் லோகநாதன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்ல மனுஷி சார். கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தா நம்ம புக்கு வந்திருக்கும். பிடிவாதம். சும்னே எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க" என்றார், காரணமே இல்லாமல் என்பதைக் கன்னடத்தில். நான் தலையாட்டினேன். ஏழு வருடமாக இதே பேச்சுக்கு இதே மாதிரி தலையாட்டி வந்திருக்கிறேன். கல்லறையில் மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதும் தலையாட்டினேன் என்பதுதான் அன்று வீட்டுக்குத் திரும்பிய பிறகும் என்னை உட்கார விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்கள் அதிகம் இல்லை. ஆஸ்டின் டவுனில் ஓர் அச்சகத்தின் மாடியில், ஓர் ஆங்கில–தமிழ் அகராதியைப் பத்து வருடம் தயாரித்து, கடைசியில் வெளியிடாமலே விட்ட ஐந்து பேரில் நானும் அவரும் இருவர். அச்சகத்தின் உரிமையாளர் நாகராஜ் பள்ளி கைடுகள் போட்டு வந்தவர். வேலை தேடி பெங்களூருக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, இந்த ஊரில் உண்மையில் புழங்கும் ஆங்கிலத்தை விளக்கும் கையடக்க அகராதி ஒன்று வேண்டும் என்று தொண்ணூற்று மூன்றில் அவருக்குத் தோன்றியது. நான் ஆம்பூரிலிருந்து வந்தவன், ஆங்கில எம்.ஏ. குணசீலி விவேக் நகரிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இரண்டு மாதம் இளையவர், அதற்கு முன் அதே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவர். இரண்டு ஆசிரியர்கள், ஒரே மேஜை. அவருக்கு நான் சார், எனக்கு அவர் மேடம். கடைசிவரை அப்படித்தான்.

வேலை தொடங்கிய முதல் வாரமே அவர் ஒரு விதி போட்டார். ஒரு சொல்லுக்குப் புதிய பொருள் ஒன்றை அகராதியில் ஏற்ற வேண்டுமென்றால், மூன்று பேர் அதை அந்தப் பொருளில் சொல்லி நாங்கள் காதால் கேட்டிருக்க வேண்டும். "மூணு பேரு சொல்லணும் சார். அந்த மூணு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியக் கூடாது" என்பார். பத்திரிகையில் படித்தது செல்லாது. ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னதும் செல்லாது. கேட்டதைச் சீட்டில் எழுத வேண்டும்: சொல், முழு வாக்கியம், சொன்னவர் எப்படிப்பட்டவர், எந்த இடம், என்ன தேதி, கேட்டவரின் கையெழுத்து. கீழே அச்சகத்தில் மிஞ்சும் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டித்தான் சீட்டுகள். ஒரு பக்கம் பிள்ளையாரோ சிலுவையோ பாதி வெட்டுப்பட்டு இருக்கும், மறுபக்கம் யாரோ ஒரு கண்டக்டர் சொன்ன ஆங்கிலம் இருக்கும். இதைப் பார்த்து முதலில் நான் சிரித்தேன். அகராதி என்றால் முடிவு சொல்லும் புத்தகம் என்று நம்பி வளர்ந்தவன் நான். அவருக்கு அது விசாரித்துக்கொண்டே இருக்கும் புத்தகம்.

தொண்ணூற்று நான்கில் என் தங்கைக்கு வரன் தேடினோம். ஆங்கில நாளிதழுக்கு நான் எழுதிய விளம்பரத்தில் பெண் 'ஹோம்லி' என்று இருந்தது. குணசீலி எட்டிப் பார்த்துவிட்டு, "அமெரிக்கா மாப்பிள்ளையும் பாக்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

"பாக்கறோம். ஏன் மேடம்?"

"அங்க ஹோம்லின்னா மூஞ்சி சுமாருன்னு அர்த்தம்."

நான் பதறிப்போய்ப் பேனாவை எடுத்து அடிக்கப் போனேன். அவர் தாளைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காதீங்க. இங்க படிக்கிறவங்களுக்கு அது நல்ல வார்த்தை. குடும்பப் பாங்கான பொண்ணுன்னு புரிஞ்சிப்பாங்க. ரெண்டுல எதுவும் தப்பு இல்ல. நீங்க யாருகிட்ட பேசறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க" என்றார். முடிவு பண்ணுகிற பொறுமை எனக்கு இல்லை. அடித்துவிட்டேன். அடித்த தாளை அவர் வாங்கி, தேதி போட்டு, ஹெச் எழுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். தங்கைக்குக் கடைசியில் திருவண்ணாமலையில்தான் மாப்பிள்ளை அமைந்தது.

அவருடன் பஸ்ஸில் போவது ஒரு தண்டனை. ஒருமுறை காகிதக் கடைக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன் இன்னொருவனிடம், "நோ இஷ்யூஸ் மச்சா" என்றான். குணசீலி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் அச்சகத்துப் பழைய விண்ணப்பங்களில் 'நோ இஷ்யூஸ்' என்றால் குழந்தை இல்லை என்று பொருள். அந்தப் பையனுக்கு அது ஒன்றும் பிரச்சினை இல்லை என்ற பொருள். அவன் இன்னொரு முறை சொல்வானா என்று காத்திருந்ததில் எங்கள் நிறுத்தம் போய்விட்டது. வெயிலில் கோரமங்களாவிலிருந்து நடந்து வந்தோம். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அவர் நடந்துகொண்டே சீட்டு எழுதினார். அவருக்கும் கணவர் அந்தோணிக்கும் குழந்தை இல்லை. எழுதி முடித்து, "என் விஷயத்துல ரெண்டு அர்த்தமும் சரியாத்தான் இருக்கு சார்" என்றார். என் கோபம் இறங்கிவிட்டது.

இந்த வேலையில் முடிவு என்ற ஒன்று இல்லை என்பது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. எம் எழுத்தை முடித்துவிட்டோம் என்று ஒருமுறை மைசூர் பாக் சாப்பிட்டோம். அடுத்த வருடம் மெயில் என்றால் தபால் என்று நாங்கள் எழுதியிருந்தது பற்றாக்குறை ஆகிவிட்டது. மவுஸ் என்றால் எலி மட்டும் இல்லை. மெமரி மனிதனுக்கு மட்டும் இல்லை. மறுபடி எழுதி, மறுபடி மைசூர் பாக் சாப்பிட்டோம். மூன்றாவது முறை முடித்தபோது யாரும் இனிப்பு வாங்கவில்லை. நான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். "புக்ல இருக்கறது எப்பவும் போன வருஷத்து அர்த்தம்தான் சார். அது தெரிஞ்சே போடணும். தெரியாம போட்டாதான் தப்பு" என்றார் அவர். வாழ்நாளில் ஒரு புத்தகத்தில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு இது ஆறுதலாக இல்லை.

தொண்ணூற்று ஒன்பது கோடையில் நாகராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பவர் அவர். "ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள புக் வரணும். அந்தம்மாவ நீங்களே சரி பண்ணுங்க. இல்லாட்டி எனக்கு கைடே போதும், இது பேடா" என்றார். வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னபோது அவர் குரலில் விளையாட்டே இல்லை. நான் மேஜைக்குத் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தேன். இரண்டு சாட்சிகளோடு நின்றுபோன பொருள்கள் அறுபது எழுபது இருந்தன. 'பெஞ்ச்' அதில் ஒன்று. சாஃப்ட்வேர் கம்பெனிகளில் கையில் வேலை இல்லாமல் சம்பளத்தில் இருப்பவர்கள் பெஞ்சில் இருப்பதாகச் சொல்வார்கள். இது ஊருக்கே தெரியும். ஆனால் எங்களிடம் இரண்டு பேர்தான் சொல்லியிருந்தார்கள்.

சிவாஜி நகரில் ஒரு சிற்றுண்டிக் கடையில் நின்றபடி, காபி டம்ளரை ஓரம் தள்ளிவிட்டு, மூன்றாவது சாட்சியை நானே உண்டாக்கினேன். இளைஞர், கண்ணாடி போட்டவர், பஸ் நிறுத்தம், நேற்றைய தேதி, என் கையெழுத்து. அடுத்த சீட்டு இன்னும் சுலபமாக வந்தது. பத்தாவது சீட்டில் என் சாட்சிகளுக்குச் சட்டை நிறமும், சந்தேகம் வராதபடி வெவ்வேறு பழைய தேதிகளும்கூடக் கொடுத்தேன். ஒரு மாதம் இதைச் செய்தேன். கை பழகிய பிறகு, நான் உண்மையாகக் கேட்டு முன்பே எழுதியிருந்த பழைய சீட்டுகளையும் எடுத்து, அரைகுறையாக இருந்த வாக்கியங்களை அழகாக நிரப்பிப் புதிதாக எழுதி வைத்தேன், பழையவற்றைக் கிழித்துப் போட்டேன். பொருள் எதுவும் பொய்யில்லை, சாட்சிதான் பொய் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் சில நாள் சொல்லிக்கொள்கிறேன்.

குணசீலி சந்தேகப்படவில்லை. எல்லாச் சொல்லும் மூன்று சாட்சியோடு நிறைந்துவிட்டதைப் பார்த்து மகிழ்ந்தார், எனக்கு மைசூர் பாக்கும் வாங்கி வந்தார். அதை நான் தின்றேன். லோகநாதன் முழுப் புத்தகத்தையும் கோத்து முடித்தார். மெய்ப்புத் தாள்களைச் சீட்டுகளோடு ஒப்பிடும் கடைசி வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், குணசீலி என் எதிரே பத்துப் பன்னிரண்டு சீட்டுகளை வரிசையாகப் பரப்பினார்.

"சார், இவங்கள்லாம் யாரு?"

"யாருன்னா? சீட்டுலயே எழுதியிருக்கே மேடம்."

"உங்க ஆளுங்க எல்லாரும் வாக்கியத்த முடிக்கிறாங்க சார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தன் சீட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் எழுதியவற்றில் பாதிக்குமேல் நடுவில் நின்றுபோயிருந்தன. பேசுபவரின் நிறுத்தம் வந்திருந்தது, அல்லது யாரோ குறுக்கே பேசியிருந்தார்கள், அல்லது சொன்னவரே சொல்ல வந்ததை மறந்திருந்தார். என் ஆட்கள் அப்படி இல்லை. ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் பொருள் விளங்கும்படி, எழுவாய் பயனிலையோடு, எடுத்துக்காட்டு வாக்கியமாகவே பேசியிருந்தார்கள். "ரோட்ல யாரும் இவ்ளோ சுத்தமா பேச மாட்டாங்க. எனக்குத் தெரியும், நான் கேட்டுக்கினே இருக்கேன்" என்றார்.

கொஞ்ச நேரம் மழுப்பினேன். பிறகு ஒப்புக்கொண்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "சரி, எதெதுன்னு சொல்லுங்க. அத மட்டும் எடுத்துடறேன். மத்தது ப்ரெஸ்ஸுக்குப் போவட்டும்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். என் கையெழுத்தில் இருந்த சீட்டுப் பெட்டிகளை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அன்று மாலைவரை உட்கார்ந்து புரட்டினேன். என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டதையும் கட்டியதையும் ஒரே கை, ஒரே மாதத்தில், ஒரே அழகில் எழுதியிருந்தது. இந்தக் கண்ணாடி போட்ட இளைஞனை நான் உண்மையில் பார்த்தேனா, காபி டம்ளருக்குப் பக்கத்தில் பெற்றெடுத்தேனா? தெரியவில்லை என்றேன். அவர் முகம் அப்போதுதான் மாறியது. "அப்ப எல்லாத்தையும் திருப்பிக் கேக்கணும்" என்றார்.

லோகநாதன், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தகம் நின்றது இதனால்தான். அன்று நாகராஜ் மாடியேறி வந்து கத்தியபோது நீங்களும் அங்கே இருந்தீர்கள். "சீட்டுல தப்பு இருக்கு. பாத்தது நாங்க ரெண்டு பேரும், தப்பும் ரெண்டு பேரோடது" என்று குணசீலி சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நாகராஜ் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார், நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை இன்றுவரை பல்லைக் கடிக்க வைக்கிறது. என் சீட்டுகளில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் அவர் புதிதாக மூன்று பேரைத் தேடினார். தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, சம்பந்தமில்லாத பஸ்களில் ஏறி இறங்கினார். ஆனால் சொற்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. தொண்ணூற்று ஏழில் இடுப்பில் பேஜர் மாட்டிய மருந்துக் கம்பெனிக்காரர்கள், "என்ன பேஜ் பண்ணுங்க" என்பதை நான் சத்தியமாகக் காதால் கேட்டிருக்கிறேன். மூன்று பேர், மூன்று இடம். இரண்டாயிரத்து ஒன்றில் அவர் தேடிப் போனபோது ஊரில் ஒரு பேஜர்கூட இல்லை, அந்தப் பொருளில் சொல்ல ஓர் ஆளும் இல்லை. எல்லோரும் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கேட்டேன் மேடம். இத நெஜமாவே கேட்டேன்" என்று கத்தினேன்.

"கேட்டிருப்பீங்க சார். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை, பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அந்தச் சொல் என் கண்முன்னே பெட்டியிலிருந்து வெளியேறியது. நான் நேர்மையாகச் சேர்த்த ஐந்தாறு வருடத்து ஊர்ப் பேச்சு, நான் கட்டிய அறுபது எழுபது பொய்களோடு சேர்ந்து போனது. அந்தப் பேச்சை இனி எந்தப் பஸ்ஸில் ஏறியும் கேட்க முடியாது. ஒரு ஜூன் போனது, இன்னொரு ஜூன் போனது. நாகராஜ் மேஜையைக் கீழே இறக்கிவிட்டு மாடியைக் கைடு கட்டும் இடமாக்கினார். நான் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கையேடு எழுதும் வேலைக்குப் போனேன். குணசீலி மறுபடி மெய்ப்புத் திருத்தப் போனார். வேலை கேட்டு அவர் போன இரண்டு பதிப்பகங்களில், எதையும் முடிக்க விடாத அம்மா என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அதைக் கேள்விப்பட்ட நாளில்கூட நான் யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை.

மூன்று மாதம் முன்பு அவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அந்தோணி கதவைத் திறந்து உட்கார வைத்தார். குணசீலி ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார், குரல் உள்ளே போயிருந்தது. பக்கத்து ஸ்டூலில் மருந்துப் பாட்டில்களுக்கு நடுவே வெட்டிய பத்திரிகை அட்டைகளும் பென்சிலும் இருந்தன. அவருக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மேடம் என்றேன்.

"இப்ப இன்னாத்துக்கு சார்? புக்கே இல்லயே" என்றார். கொஞ்சம் இருமிவிட்டு, "அத வுடுங்க. உங்க பக்கம் இப்ப இன்னா பேசிக்கிறாங்க?" என்று கேட்டார்.

என்னிடம் ஒன்று இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒருவருக்குக் கணினியில் செய்தி அனுப்புவதைப் பிங் பண்ணுவது என்பார்கள். அது பழசு. ஆனால் முந்தின வாரம் எங்கள் ஆபீஸ் வண்டியின் டிரைவர், சந்தாபுராக்காரர், கணினியைத் தொட்டே பார்க்காதவர், என்னிடம், "கேட்டாண்ட வந்துட்டு ஒரு பிங் குடுங்க சார், நான் அப்படியே வண்டிய" என்று சொன்னார். மிஸ்டு காலைத்தான் அவர் பிங் என்றார். இதை நான் உண்மையாகவே கேட்டேன். குணசீலியிடம் அப்படியே சொன்னேன்.

"எந்த ரோடுல சார்?"

"வர்த்தூர் ரோட்ல."

"அப்புறம் இன்னா சொன்னாரு?"

"முடிக்கல மேடம். சிக்னல் விழுந்துடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். சொன்னது உண்மை. ஆனால் வாக்கியம் பாதியில் நின்றால் அவர் நம்புவார் என்று எனக்குத் தெரியும், அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இதைவிட வேறு எப்படித்தான் நான் உண்மை சொல்வது?

அந்தோணி காபி போட உள்ளே போயிருந்தார். அறையில் நாங்கள் இருவர்தான். அவர் மெல்லச் சிரித்தார், ஸ்டூலிலிருந்து பென்சிலை எடுத்தார், அட்டையில் அந்தச் சொல்லை எழுதிக் கேட்டவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டார் என்று இங்கே நான் எழுதினால் மறுக்க யாரும் இல்லை. இந்த அஞ்சலிக்கும் அது பொருத்தமான முடிவாக இருக்கும். படிக்கிற உங்களுக்கும் மனம் ஆறும், எனக்கும் ஆறும்.

குணசீலியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். கேட்காததைக் கேட்டதாக இனி எழுத மாட்டேன். அவர் பென்சிலை எடுக்கவில்லை.